ஐந்தில் ஒரு கார்

நெரிசல்னாலே ரோட்டை அகலப்படுத்தணும், இல்லைன்னா நிறைய பஸ் விடணும்னுதான் நானும் நினைத்திருந்தேன். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடந்ததைப் படித்தபிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2005 ஆகஸ்டில் அங்கே புதிய பஸ் தடங்கள் வந்தன. கார்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2006 ஜனவரி 3 முதல், நகர மையத்தைச் சுற்றி 18 இடங்களில் கேமரா வைத்து, வாரநாட்களில் பகலில் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறைக்கும் 10 முதல் 20 குரோனா வாங்கினார்கள். உச்ச நேரத்தில்தான் 20, ராத்திரியில் இலவசம். எல்லையைத் தாண்டும் வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காணாமல் போனது!

அப்படியென்றால் நெரிசலும் ஐந்தில் ஒரு பங்குதானே குறையும்? இல்லைங்க. ரோடு தாங்கும் அளவுக்கு வண்டிகள் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் வந்து சேரும் கொஞ்சம் வண்டிகள்தான் வரிசையையே உண்டாக்குகின்றன. அவை வராவிட்டால் மற்ற எல்லாரும் நகரலாம்.

ஜூலை 31-ல் சோதனை முடிந்ததும் பெரும்பாலான கார்கள் திரும்பிவிட்டன. செப்டம்பரில் வாக்கெடுப்பு. முதலில் எதிர்ப்பே அதிகமாக இருந்த அதே நகரத்தில் பெரும்பான்மை ‘வேண்டும்’ என்றது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சுற்றியுள்ள நகராட்சிகள் பல தனியாக வாக்கெடுப்பு நடத்தி, ‘வேண்டாம்’ என்றிருந்தன. தினமும் உள்ளே ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள்தானே!