கடல் நீரின் சூடும் நம் களத்து மழையும்

ஐப்பசி பிறந்ததும் நெசவாளர் வானத்தைப் பார்க்கிறார். விவசாயியும் வானத்தைப் பார்க்கிறார். ஆனால் இருவர் எண்ணமும் ஒன்றல்ல. பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெருவில் விரித்து உலர்த்த வேண்டிய நெசவாளர், நான்கு நாள் வெயில் அடிக்காதா என்று ஏங்குகிறார். தறிக்குழியில் ஊற்று எடுத்துவிட்டால் அவருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சம்பா நட்ட விவசாயியோ, மழை தவறினால் பட்ட கடனை எப்படி அடைப்பது என்று கலங்குகிறார். இவ்விருவருடைய கவலைக்கும் விடை வானத்தில் மட்டும் இல்லை. அதில் ஒரு பெரும் பங்கு, நமக்குக் கிழக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் கடல்களின் மேல்நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதில் அடங்கியுள்ளது. அதை நம் அங்கத்தினர்கள் ஓரளவு அறிந்திருப்பது நலம்.

கடல் ஒரு வெப்பக் களஞ்சியம்

தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். இந்தக் குணத்தால் கடல், சூரியன் தரும் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாக விளங்குகிறது. உலகைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலம் முழுவதிலும் அடங்கிய வெப்பத்தை, கடலின் மேற்பரப்பில் ஏறத்தாழ 3 மீட்டர் ஆழத்து நீரே தாங்கிவிடும் என்றால் அதன் கொள்ளளவை நாம் ஊகித்துக் கொள்ளலாம். இந்த வெப்பமே நீரை ஆவியாக்குகிறது, ஆவி மேகமாகிறது, மேகம் மழையாகிறது. கடலின் மேல்நீர் சுமார் 28 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிய இடங்களில்தான் பெருமேகங்கள் தாராளமாக எழுகின்றன. புயல் உருவாகி வலுப்பெறுவதற்கும் ஏறத்தாழ 26½ டிகிரிச் சூடாவது வேண்டும்.

இந்தச் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எல்லா மாதத்திலும் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. நம் இரு கடல்களே இதற்குத் தக்க உதாரணம்.

ஒரே மாதம், இரு வேறு கடல்கள்

தை, மாசியில் வங்கக் கடலின் வடபகுதி 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்திருக்கும். பங்குனி, சித்திரையில் சூரியன் தலைக்கு மேல் வருகிறது, காற்றும் ஓய்ந்திருக்கிறது. அப்போது வங்கக் கடல், அரபிக் கடல் இரண்டுமே 29, 30 டிகிரி வரை சூடேறுகின்றன. கேரளக் கரைக்கு அப்பால், இலட்சத் தீவுகளை ஒட்டிய கடற்பகுதி பருவ மழைக்கு முந்திய வாரங்களில் 30 டிகிரியையும் தாண்டுவது உண்டு.

பிறகு ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக் காற்று வீசத் தொடங்கியதும் இரு கடல்களும் இரு வழியில் பிரிகின்றன. ஆப்பிரிக்காவின் சோமாலியா நாட்டுக் கரையை ஒட்டி அந்தக் காற்று மிகக் கடுமையாக வீசுகிறது. பூமி தன்னைத் தானே சுற்றுவதன் விளைவாக, அக்காற்றினால் தள்ளப்படும் மேல்நீர் நேரே செல்லாமல் வலப்புறம் திரும்பிக் கரையை விட்டு விலகிப் போகிறது. விலகிய நீரின் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இதனால் ஆடி மாதத்தில் சோமாலியக் கரையோரக் கடலின் சூடு 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு.

அதே ஆடி மாதத்தில் வங்கக் கடலோ 28 டிகிரிக்குக் குறையாமல் நிற்கிறது. இதற்குக் காரணம் என்ன? கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பெருநதிகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும், அங்கே பெய்யும் மழைநீரும் உப்பு நீரைவிட இலேசானவை. ஆகவே அவை எண்ணெய்போல் மேலே மிதந்து நிற்கின்றன. காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த கனநீர் எளிதில் மேலே வருவதில்லை. மேல்நீர் சூடாகவே இருப்பதால் வடவங்கக் கடலில் அடுத்தடுத்துக் காற்றழுத்தத் தாழ்வுகள் தோன்றி, மத்திய இந்தியாவுக்கு மழையைச் சுமந்து செல்கின்றன.

மழை ஓய்ந்து வானம் தெளியும் அக்டோபரில் கடல் மறுபடியும் சற்றுச் சூடேறுகிறது. ஆண்டுக்கு இரு முறை சூடேறி, இரு முறை ஆறுவது நம் கடல்களின் இயல்பு. வங்கக் கடலில் புயல்கள் சித்திரை, வைகாசியிலும், மறுபடி ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் மிகுதியாகத் தோன்றுவதற்கு இந்தச் சூடும் ஒரு காரணம்.

நமக்கு இதனால் என்ன?

தமிழ்நாட்டு விவசாயம் இரு கடல்களுக்கும் கடமைப்பட்டது. மேட்டூர் அணைக்கு வரும் நீர், அரபிக் கடலைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று குடகு, வயநாடு மலைகளில் பெய்விக்கும் மழையினால் கிடைப்பது. நமக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதியோ, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்று வங்கக் கடலிலிருந்து அள்ளி வருவது. ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கலாம். இரண்டும் தவறினால் கஷ்டந்தான்.

இவ்விரு பருவங்களையும் தொலைவிலுள்ள வேறு கடல்களும் அசைக்கின்றன. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்று ஆராய்ந்தார். பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியக் கடல் பக்கம் இறங்குவதையும், அங்கே இறங்கும்போது இங்கே ஏறுவதையும் கண்டார். ஏற்றம் இறைக்கும் துலாப்போன்ற இந்த ஆட்டத்துக்கும் பசிபிக் கடல் நீரின் சூட்டுக்கும் உள்ள தொடர்பை 1969-இல் ஜேக்கப் பியர்க்னஸ் என்பவர் விளக்கினார். சில ஆண்டுகளில் பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்துக்கு மிஞ்சிச் சூடேறுகின்றன. இதையே எல் நினோ என்கிறோம். வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் அது லா நினா.

எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குன்றுவது பெரும்பான்மை. ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை அப்போது பெருகுவதே பெரும்பான்மை! 2015-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதிலும் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, காவிரி டெல்டா வறண்டது.

இந்தியக் கடலிலேயே வேறொரு துலாவும் உண்டு. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பக்கத்து நீர் சூடேறி, சுமத்திரா பக்கத்து நீர் குளிர்கிறது. சில ஆண்டுகளில் இது மாறி நிகழ்கிறது. 1999-இல் ஜப்பானிய, இந்திய அறிஞர்கள் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினர். 1997-இல் மிகக் கடுமையான எல் நினோ இருந்தும் இந்தியாவில் மழை பொய்க்காததற்கு, மேற்குப் பக்கம் சூடேறிய இந்தியக் கடலே துணை நின்றது என்று கருதப்படுகிறது.

இவை யாவும் பெரும்பான்மை பற்றிய உண்மைகளே, விதி அல்ல. 2021 லா நினா ஆண்டு. அப்படியிருந்தும் அவ்வாண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்த்தது. “எல் நினோ வந்துவிட்டது, மழை நிச்சயம்” என்றோ, “லா நினா, ஆகவே பஞ்சம்” என்றோ கூறுவோரை நம்பி விதையையோ பணத்தையோ பணயம் வைப்பது விவேகமாகாது.

அளப்பது எப்படி?

முற்காலத்தில் கப்பல் மாலுமிகள் வாளியில் நீர் மொண்டு வெப்பமானியை வைத்துப் பார்த்தனர். இக்காலத்தில் செயற்கைக் கோள்கள் வானிலிருந்தே மேல்நீரின் சூட்டைக் கணிக்கின்றன. அன்றியும் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. இவை பெரும்பாலும் 10 நாட்களுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழம் வரை சென்று மீண்டு, கண்டதைச் செயற்கைக் கோள் வழியே தெரிவிக்கின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் நிலையம் இவ்விவரங்களைத் தொகுத்து, மீன்வளம் மிக்க இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

இவ்வளவைகள் கவலைக்குரிய ஒரு செய்தியையும் தந்துள்ளன. 1951 முதல் 2015 வரையில் வெப்ப மண்டல இந்தியக் கடலின் மேல்நீர் சராசரியாக 1 டிகிரி சூடேறியுள்ளது. உலகக் கடல்களின் சராசரி ஏற்றமோ சுமார் 0.7 டிகிரி. ஒரு டிகிரி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்க வல்லது. பல நாளில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டும் ஆபத்து இதனால் பெருகுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் டெல்டாவில் சாய்த்த தென்னைகளின் இழப்பை அப்பகுதி அங்கத்தினர்கள் நன்கறிவர். தனித்தனிப் புயலுக்கெல்லாம் கடல் சூட்டையே காரணம் சொல்ல இயலாது. ஆயினும் சூடான கடல் புயலுக்குத் தீனி என்பதில் ஐயமில்லை.

நாம் செய்யத் தக்கவை

இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவம் பற்றிய மதிப்பீட்டை ஏப்ரலிலும் மே இறுதியிலும், வடகிழக்குப் பருவம் பற்றியதை செப்டம்பர் இறுதியை ஒட்டியும் வெளியிடுகிறது. அவற்றைச் சங்க அலுவலகத்தில் எல்லோரும் காணும்படி எழுதி வைக்கலாம்.

மழை மிகும் என்று மதிப்பீடு கூறும் ஆண்டில், நெசவாளர் சங்கங்கள் நூல் பட்டுவாடாவைச் சற்று முன்னதாகவே செய்து, புரட்டாசி வெயிலிலேயே பாவு தோய்த்து உலர்த்த வசதி செய்யலாம். மேடான இடத்தில் பொதுக் கொட்டகை ஒன்று இருந்தால் நூலும் சரக்கும் நனையாமல் காக்கலாம். மழை குன்றும் என்று கூறும் ஆண்டில், விவசாயச் சங்கங்கள் குறுகிய வயதுடைய விதைகளையும் பயறு வகைகளையும் கையிருப்பில் வைக்கலாம். எந்த ஆண்டாயினும் பயிர்க் காப்பீட்டுக்கு இறுதி நாள் வரை காத்திராமல் பதிவு செய்துவிடுவது நலம். கடல் சூட்டைத் தணிக்க நம்மால் ஆகாது. தனி ஒருவருடைய நஷ்டத்தைப் பலர் தாங்கும்படி செய்ய நம்மால் ஆகும். கூட்டுறவு அதற்காகவே ஏற்பட்டது.