ஓலந்து தீவுகள்.. ஸ்வீடனும் பின்லாந்தும் போரில்லாமல் பங்காளிச் சண்டையை முடித்தது எப்படி?

கொடி தனி. தபால்தலை தனி. பேசுவது ஸ்வீடிஷ் மொழி. ஆனால் நாடு பின்லாந்து! பால்டிக் கடலில் இரு நாடுகளுக்கும் நடுவே இருக்கும் ஓலந்து தீவுகளின் நிலை இதுதான். வெறும் 30 ஆயிரம் பேர் வாழும் இந்தத் தீவுகளுக்காக நூறு வருஷத்துக்கு முன்பு ஸ்வீடனும் பின்லாந்தும் முட்டிக்கொண்டு நின்றன.

பிரச்னை எங்கே ஆரம்பித்தது?

1809 வரை பின்லாந்து, ஓலந்து இரண்டுமே ஸ்வீடன் கையில்தான் இருந்தன. போரில் தோற்றதால் இரண்டையும் ரஷ்யாவிடம் விட்டுக்கொடுத்தது ஸ்வீடன். ரஷ்யா அங்கே பெரிய கோட்டை ஒன்றைக் கட்ட, கிரிமியப் போரின்போது பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து அதைத் தகர்த்தன. இனி இங்கே கோட்டை, ராணுவத் தளம் எதுவும் கூடாது என்று 1856ல் ஒப்பந்தம் ஆனது.

1917ல் ரஷ்யப் பேரரசு ஆட்டம் காண, டிசம்பரில் பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது. தீவுக்காரர்களோ, 'எங்களை ஸ்வீடனோடவே சேர்த்துடுங்க' என்று கையெழுத்து வேட்டையில் இறங்கினர். வயதுவந்தவர்களில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டனர்.

காரணம், மொழி பயம். ஸ்வீடிஷும் பின்னிஷும் பக்கத்து நாட்டு மொழிகள்தான். ஆனால் இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. வேறு வேறு மொழிக் குடும்பங்கள். பின்னிஷ் பேசும் பெரும்பான்மைக்குள் இரண்டு தலைமுறையில் தங்கள் பேச்சு கரைந்துவிடும் என்று தீவு மக்கள் அஞ்சினர்.

பின்லாந்து 1920ல் தன்னாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. 'வேண்டாம்' என்றார்கள் தீவு மக்கள். அவர்களின் தலைவர்கள் ஜூலியஸ் சுண்ட்ப்ளோம், கார்ல் பியோர்க்மன் இருவரும் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்கள். ஸ்வீடனில் கொந்தளிப்பு. விவகாரத்தை பிரிட்டன், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்திடம் கொண்டுபோனது.

தீர்ப்பு என்ன?

1921 ஜூன் 24. தீவுகள் பின்லாந்துக்கே சொந்தம் என்று சங்கம் முடிவு சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை: ஸ்வீடிஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் பின்லாந்து உத்தரவாதம் தர வேண்டும். மூன்றே நாளில் அதன் விவரங்களை இரு நாடுகளும் பேசி முடித்தன. அக்டோபரில் 10 நாடுகள் கையெழுத்திட்ட இன்னொரு ஒப்பந்தம், தீவுகளை ராணுவமற்ற, நடுநிலைப் பகுதியாக்கியது.

உண்மையில் யாருக்கும் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஸ்வீடனுக்கு மண் போச்சு. பின்லாந்துக்கு மண் கிடைத்தது, கைகள் கட்டப்பட்டன. தீவு மக்கள் கேட்டது ஸ்வீடன், கிடைத்தது தன்னாட்சி. ஸ்வீடன் தரப்பில் பேசிய யால்மர் பிராண்டிங் எதிர்ப்பைப் பதிவு செய்தார். ஆனாலும் ஸ்வீடன் முடிவை ஏற்றுக்கொண்டது. கதையின் முக்கியமான இடம் இதுதான். தோற்ற தரப்பு அடங்கிப்போனதால்தான் தீர்ப்பு நிலைத்தது.

இப்போது எப்படி இருக்கிறது?

ஸ்வீடிஷ்தான் ஒரே ஆட்சிமொழி. தீவுச் சட்டமன்றத்தில் ஓட்டுப் போடவோ, தடையில்லாமல் நிலம் வாங்கவோ 'ஊர் உரிமை' வேண்டும். வெளியிலிருந்து வருபவர் பின்லாந்து குடிமகனாக இருந்து, 5 வருஷம் அங்கேயே குடியிருந்து, ஸ்வீடிஷும் தெரிந்திருந்தால்தான் அது கிடைக்கும். தீவு இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையும் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் வரி எல்லைக்குள் ஓலந்து வராது. அதனால் ஸ்டாக்ஹோம் - ஹெல்சின்கி கப்பல்கள் நள்ளிரவானாலும் இங்கே கொஞ்ச நேரம் ஒதுங்கிவிட்டுத்தான் போகும். வரியில்லாமல் சரக்கு விற்கலாமே!

மறுபடி பேச்சு ஏன்?

உக்ரைன் போருக்குப் பிறகு பின்லாந்து 2023 ஏப்ரலிலும், ஸ்வீடன் 2024 மார்ச்சிலும் நேட்டோவில் சேர்ந்தன. இப்போது இரண்டும் ஒரே ராணுவக் கூட்டணி. நடுவில் கிடக்கும் தீவுகளில் மட்டும் ராணுவம் கூடாது. யாராவது தாக்கினால் பின்லாந்து தற்காத்துக்கொள்ள 1921 ஒப்பந்தம் அனுமதிக்கிறது. ஆனால், அதற்கு முன்பே படையை நிறுத்த முடியாது. இது ஆபத்து என்று பின்லாந்தில் ஒரு தரப்பு சொல்கிறது. நூறு வருஷ ஏற்பாட்டைத் தொடாதீர்கள் என்கிறார்கள் தீவு மக்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1940ல் சோவியத் யூனியனோடு பின்லாந்து போட்ட ஒப்பந்தப்படி, தீவுகளில் ராணுவம் இல்லை என்பதைக் கண்காணிக்க தலைநகர் மரியஹாமில் துணைத் தூதரகம் வைத்துக்கொள்ளும் உரிமை ரஷ்யாவுக்குத்தான் இருக்கிறது.