தனித்து வெல்லவும் சேர்ந்து வாசிக்கவும்: பயிற்சி இசைக்குழுக்களின் பணி

மேற்கத்தியச் செவ்வியல் இசையுலகில், ஒரு சிம்பொனி இசைக்குழுவில் நிரந்தர இடம் பெறுவதற்கு வேண்டிய திறனும், பெற்ற இடத்தில் நிலைப்பதற்கு வேண்டிய திறனும் ஏறத்தாழ நேரெதிரானவை. இடத்துக்கான தேர்வில் கலைஞர் தனியாக, ஒரு திரைக்குப் பின்னால் நின்று, பக்கவாத்தியம் ஏதுமின்றிச் சில நிமிடங்கள் வாசித்து, தம்மைப் போலவே தேர்ந்த ஏராளமானோரை விஞ்ச வேண்டும். தேர்வில் வென்று பணியில் சேர்ந்த நாள் முதலாக, அதே கலைஞர் தம் வாத்தியம் தனித்துக் கேட்காதபடி எண்பது, தொண்ணூறு பேருடைய ஒலிக்குள் கரைந்து வாசிக்க வேண்டும். இசைக் கல்லூரிகள் பெரும்பாலும் தனிக் கலைஞரை உருவாக்கும் நோக்கிலேயே பாடம் அமைத்திருப்பதால், அங்கே பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் கடினமான தனி வயலின் படைப்பை மனப்பாடமாக வாசிக்க வல்லவராக இருந்தும், இரண்டாம் வயலின் வரிசையில் நான்காம் இருக்கையில் அமர்ந்து செய்ய வேண்டிய வேலையை அறியாதவராக இருப்பதுண்டு. கல்லூரிக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள இந்த வெற்றிடத்தை நிரப்ப எழுந்தவையே பயிற்சி இசைக்குழுக்கள்.

இவற்றுள் மூத்தவற்றில் ஒன்றான சிகாகோ சிவிக் இசைக்குழு ஒரு போரின் நெருக்கடியிலிருந்து பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியில், பிறந்து பயின்ற கலைஞர்களையே நம்பியிருந்தன. முதல் உலகப் போரில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் அந்தக் கலைஞர்கள்மீது ஐயம் படர்ந்தது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த கார்ல் முக் 1918இல் கைது செய்யப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். சிகாகோ சிம்பொனியின் இசை நடத்துநராகிய ஃபிரெடெரிக் ஸ்டாக், ஜெர்மனியில் பிறந்தவர் என்பதாலும் அமெரிக்கக் குடியுரிமை பெறும் நடைமுறையை முடிக்காதிருந்ததாலும், அதே ஆண்டில் பொறுப்பிலிருந்து ஒதுங்கி 1919இல் திரும்பினார். திரும்பிய அந்த ஆண்டிலேயே, அமெரிக்க இளைஞர்களை இசைக்குழுப் பணிக்குப் பழக்கும் குழுவொன்றை அவர் நிறுவியதைத் தற்செயல் எனக் கொள்ள முடியாது. வெளியிலிருந்து வருவோரை மட்டும் நம்பும் இசைக்குழு எந்த நேரமும் காலியாகலாம் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். சிவிக் குழு 1920இல் முதல் கச்சேரியை நிகழ்த்தியது. இன்றும் சிகாகோ சிம்பொனியின் துணை அமைப்பாகவே இயங்கிவரும் அதன் உறுப்பினர்களுக்கு, சிம்பொனியின் மூத்த கலைஞர்களே பிரிவு பிரிவாகப் பயிற்சி அளிக்கிறார்கள்.

மியாமி கடற்கரை நகரிலுள்ள நியூ வேர்ல்ட் சிம்பொனி வேறொரு முறையில் அமைந்தது. இசை நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸும், கார்னிவல் பயணக் கப்பல் நிறுவனத்தை உருவாக்கிய டெட் ஆரிசனும் சேர்ந்து 1987இல் தொடங்கிய இக்குழு, எந்தப் பெரிய இசைக்குழுவையும் சாராமல், பயிற்சியையே முழுநேரப் பணியாகக் கொண்டது. கல்லூரிப் படிப்பை முடித்தோர் மூன்றாண்டுகள் வரை இங்கே தங்கலாம். கல்விக் கட்டணம் இல்லை என்பதோடு தங்குமிடமும் உதவித்தொகையும் வழங்கப்படுகின்றன. வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் சமையலறையிலோ கடையிலோ வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பயிற்சி செய்யும் நிலைக்குத் தள்ளப்படாமல், வசதி படைத்தவரோடு சம நிலையில் நின்று போட்டியிட இந்த ஏற்பாடே வழி செய்கிறது. இக்குழுவில் போற்றத்தக்கவை பல இருப்பினும் இதுவே தலையாயது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி வடிவமைத்து 2011இல் திறக்கப்பட்ட இதன் அரங்கின் வெளிச்சுவரில் கச்சேரிகள் நேரடியாகத் திரையிடப்படுவதால், அடுத்துள்ள பூங்காவில் அமர்ந்து எவரும் கட்டணமின்றிக் கேட்க முடிகிறது.

இக்குழுக்களில் இளைஞர் முதலில் எதிர்கொள்வது காலத்தின் நெருக்கடி. கல்லூரி இசைக்குழு ஒரு படைப்பைப் பல வாரங்கள் ஒத்திகை பார்க்கலாம். அமெரிக்கத் தொழில்முறைக் குழுக்களிலோ ஒத்திகை ஒன்று இரண்டரை மணி நேரம் என வரையறுக்கப்பட்டிருக்க, பெரும்பாலும் நான்கே ஒத்திகைகளில் ஒரு கச்சேரி மேடையேறிவிடும். அடுத்த வாரம் முற்றிலும் வேறு படைப்புகள். ஆதலால் ஒத்திகை என்பது தம் பகுதியைக் கற்றுக்கொள்ளும் இடமன்று. அதை வீட்டிலேயே முடித்து, பிறருடைய பகுதிகளையும் ஒலிப்பதிவிலும் முழு இசைக்குறிப்பேட்டிலும் கேட்டும் பார்த்தும் அறிந்து வந்து, எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்கும் இடம். பயிற்சிக் குழுக்கள் வாரந்தோறும் இந்த வேகத்தை உண்மையான கச்சேரிகளால் பழக்குகின்றன.

அடுத்தது காதையும் கண்ணையும் பழக்குதல். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. மேடையின் பின்வரிசை டிராம்போன் கலைஞருக்கும் முன்வரிசை வயலின்களுக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் இருக்குமாயின், வயலினின் ஒலி அவரை வந்தடைய ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அதைக் கேட்டு அதனோடு சேர்ந்து அவர் ஊதினால், அவருடைய ஒலி அதே தொலைவைத் திரும்பக் கடந்து அவையை அடையும்போது தாமதம் இரட்டிப்பாகி, பின்தங்கி ஒலிக்கும். எனவே பின்வரிசையினர் தம் காதுக்குச் சற்றே முந்தியதாகப் படும் நேரத்தில் வாசிக்கவும், இசை நடத்துநரின் கோலையும் முதல் வயலின் தலைவரின் வில்லையும் கண்ணால் பின்பற்றவும் வேண்டும். இதற்கும் மேலான சிக்கல் ஒன்றுண்டு: பல குழுக்களில் கலைஞர்கள் கோல் இறங்கும் கணத்தில் வாசிப்பதில்லை, அது இறங்கிய பின், அனைவரும் ஒன்றாக மூச்செடுத்து, ஒரு சிறு இடைவெளி விட்டே ஒலிக்கிறார்கள். அந்த இடைவெளியின் அளவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. மூத்தவர்களின் அருகில் அமர்ந்து உடலால் உணர்ந்து கற்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுருதியிலும் இதே நிலைதான். பியானோவில் சட்ஜமத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இணையான இரு சுரங்களிடையே உள்ள இடைவெளி, இயற்கையான இணைவைவிட அரைச் சுரத்தின் நூறில் பதினான்கு பங்கு கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. நான்கு கருவிகள் சேர்ந்து ஒரு சுர அடுக்கை நீட்டி ஒலிக்கும்போது, காந்தார இடத்தைப் பிடித்திருப்பவர் அந்த அளவு இறக்கி ஊதினால்தான் அடுக்கு அதிர்வின்றித் தெளிவாக ஒலிக்கும். ஆனால் அடுத்த அடுக்கிலேயே அவருடைய சுரம் ஆதார சுரமாக மாறிவிடக்கூடும், அப்போது அவர் உடனே திருத்திக்கொள்ள வேண்டும். தாம் எந்தச் சுரத்தை வாசிக்கிறோம் என்பதோடு, அது அந்தக் கணத்தில் அடுக்கின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அறிந்தே ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியிருக்கிறது. தனியாகப் பயிற்சி செய்யும் அறையில் இதைக் கற்க இயலாது.

வெளியே தெரியாத ஒழுங்குகளும் உள்ளன. வயலின் வரிசையில் இருவர் ஒரே குறிப்பேட்டைப் பகிர்வதால், உள்பக்கம் அமர்ந்தவர் வாசிப்பை நிறுத்தித் தாளைப் புரட்ட வேண்டும். வில் மேலே போகுமா கீழே வருமா என்ற தலைவரின் முடிவைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அது தமக்கு வசதியில்லாவிடினும் பின்பற்ற வேண்டும். அருகிலிருப்பவர் தனிப்பகுதி வாசிக்கும்போது அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பயிற்சிக் குழுக்களில் இருக்கைகள் மாற்றி மாற்றித் தரப்படுவதால், ஒரு வாரம் பிரிவுக்குத் தலைமை தாங்குபவர் மறுவாரம் கடைசி வரிசைக்குச் செல்கிறார்; வழிநடத்துவதும் வழிப்படுவதும் ஒரே கலைஞரிடம் இவ்வாறு வளர்கின்றன.

ஆனால் இந்தப் பண்புகள் அனைத்தும் கைவந்தவருக்கும் கதவு தேர்வின் வழியாகத்தான் திறக்கும். பெரிய குழுவொன்றில் ஓர் இடம் காலியானால் நூறு, இருநூறு பேர் வருவது வழக்கம். எவரும் தகுதியில்லை எனக் கருதி, ஒருவரையும் தேர்ந்தெடுக்காமலே தேர்வை முடிப்பதும் உண்டு. வாசிக்கப்பட வேண்டியவை புகழ்பெற்ற படைப்புகளிலிருந்து எடுத்த சிறு பகுதிகள்: வயலினுக்கு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் யுவான்' தொடக்கம், செல்லோவுக்கு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, டிரம்பெட்டுக்கு மாலரின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கம், சிறுபறைக்கு ராவேலின் 'பொலேரோ'. ஆளைப் பாராமல் இசையை மட்டும் கேட்பதற்காகத் திரை கட்டப்படுகிறது. பெயருக்குப் பதில் எண் தரப்படுகிறது. காலணி ஓசையால் ஆணா பெண்ணா என்று தெரியாதிருக்கக் கம்பளமும் விரிப்பதுண்டு. அந்தச் சில நிமிடங்களில் கை நடுங்கினால் பல ஆண்டு உழைப்பு வீணாகும் என்பதால், பயிற்சிக் குழுக்கள் மாதிரித் தேர்வுகளைத் திரை, எண், நடுவர் குழு என அனைத்தோடும் நடத்தி, ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு குறையையும் எடுத்துக்காட்டுகின்றன. விளையாட்டு வீரர்களுக்கு உதவும் உளப்பயிற்சி முறைகளும், தோள், மணிக்கட்டு, செவி ஆகியவற்றைக் காக்கும் வழிகளும் கற்பிக்கப்படுகின்றன.

தேர்வில் வென்றபின்னும் ஓராண்டோ இரண்டாண்டோ சோதனைக் காலம் உண்டு. அங்கே அளக்கப்படுவது இணக்கம். பெர்லின் ஃபில்ஹார்மனி இசைக்குழுவில் புதியவரை உறுப்பினர்களே வாக்களித்து ஏற்கின்றனர். 1982இல் கிளாரினெட் கலைஞர் சபீனே மேயரைச் சேர்க்க இசை நடத்துநர் கராயன் விரும்பியபோது, அவருடைய ஒலி குழுவோடு கலக்கவில்லை என்று கூறி உறுப்பினர்கள் 73க்கு 4 என்ற கணக்கில் மறுத்தார்கள். பெண் கலைஞர்களை அக்குழு அந்த ஆண்டில்தான் முதன்முதலாக ஏற்கத் தொடங்கியிருந்தது என்பதால் அந்த முடிவின் நேர்மை இன்றும் விவாதிக்கப்படுகிறது. விலகிய மேயர் தனிக் கலைஞராக உலகப் புகழ் பெற்றார். அந்த வாக்கெடுப்பு நியாயமற்றதாக இருக்கலாம். ஆயினும் ஒலி இணக்கம் என்ற காரணத்தைச் சொன்னாலே போதும், கராயன் போன்றவரின் விருப்பத்தையும் தடுக்கலாம் என்ற நிலை, இத்தொழிலில் அதற்குள்ள எடையைக் காட்டுகிறது.

அந்த இணக்கத்தை முன்கூட்டியே வளர்க்கவே கராயன் 1972இல் பெர்லினில் ஒரு பயிற்சிக் கழகத்தை நிறுவியிருந்தார். இரண்டாண்டுகள் பயிலும் இளைஞர்கள் ஃபில்ஹார்மனி உறுப்பினர்களிடம் பாடம் கேட்பதோடு, அவர்கள் அருகில் அமர்ந்து கச்சேரிகளிலும் வாசிக்கிறார்கள். குருவின் பின்னால் தம்புராவோடு அமர்ந்து பின்பாட்டுப் பாடியே கச்சேரி நடைமுறையைக் கற்ற நம் சீடர்களின் வழியும் இதுவே. ஃபில்ஹார்மனியின் இன்றைய உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இக்கழகத்தில் பயின்றவர்கள்.

எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை என்ற உண்மையையும் நல்ல பயிற்சிக் குழு மறைப்பதில்லை. அதனால்தான் சிவிக் குழுவினர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வாசிக்கவும், நிகழ்ச்சிகளைத் தாமே திட்டமிடவும், அவையோரிடம் பேசவும் பழக்கப்படுகிறார்கள். சிலர் புதிய குழுக்களையே உருவாக்குகிறார்கள்: ஐரோப்பிய சமூக இளைஞர் இசைக்குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள் 1981இல் ஐரோப்பிய சேம்பர் இசைக்குழுவையும், குஸ்டாவ் மாலர் இளைஞர் இசைக்குழுவில் பயின்றவர்கள் 1997இல் மாலர் சேம்பர் இசைக்குழுவையும் தொடங்கினர்.

இத்துறையில் இந்தியர் ஒருவரின் பங்கு மறக்கத்தக்கதன்று. பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை 1935இல் நிறுவிய மெஹ்லி மேத்தா, பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1964இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்க இளைஞர் சிம்பொனியைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இளைஞர்களைத் தொழிலுக்கு ஆயத்தம் செய்தார். புகழ்பெற்ற இசை நடத்துநர் சுபின் மேத்தா அவருடைய மகன். இந்தியாவிலோ, 2006இல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்திய சிம்பொனி இசைக்குழு கசக்ஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்த கலைஞர்களைப் பெரிதும் நம்பியே மேடையேறியது. 1919இல் ஸ்டாக் கண்ட குறை இங்கே அப்படியே திரும்பியிருக்கிறது. அக்குழு இப்போது சிறுவர்களுக்கான கழகமும் நடத்துகிறது; சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியைச் சேர்ந்த சன்ஷைன் இசைக்குழு, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகக் கற்பிக்கிறது. அந்தப் பிள்ளைகள் இருபது வயதைத் தாண்டும்போது, கட்டணமும் வாடகையும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதபடி உதவித்தொகையோடு கூடிய ஒரு பயிற்சி இசைக்குழுவை இங்கேயே நிறுவ, இசைக்குச் செலவிடும் அறக்கட்டளைகளும் அரசும் முன்வர வேண்டும்.