மலைப்பாதையில் ஒரு கூடுதல் சுமை: பழைய இராணுவ லொறியும் வெளி இறாக்கையும்

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கும், அங்கிருந்து 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் வணிகத் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய லூல்கந்துரைத் தோட்டத்துக்கும் ஏறும் பாதைகள் குறுகலானவை, வளைவுகள் மிகுந்தவை, மழைக்காலத்தில் மண்சரிவுக்கும் உள்ளாகுபவை. இத்தகைய பாதைகளில் உயர்ந்த அடித்தளமும் நான்கு சில்லுகளுக்கும் இயந்திர விசையைக் கொடுக்கும் அமைப்பும் கொண்ட பழைய இராணுவ லொறிக்குத் தனி மதிப்பு உண்டு. பெட்டிக்குள் கொழுந்துச் சாக்கோ மரக்கறியோ நிறைந்துவிடும்போது கயிறு, படங்கு, உதிரிச் சில்லு, எரிபொருள் கலன் ஆகியவற்றை வைப்பதற்காகக் கூரையிலும் பக்கங்களிலும் பின்புறத்திலும் இரும்புச் சட்டங்களைப் பொருத்திக்கொள்ள உரிமையாளர் விரும்புவதும் இயல்பே. இச்சட்டங்களே இங்கு வெளி இறாக்கை எனப்படுகின்றன. தேவை நியாயமானது என்றாலும், கராஜில் அரை நாளில் முடிந்துவிடும் இவ்வேலை லொறியின் எடையையும் அகலத்தையும் நிலைப்பையும் ஒருசேர மாற்றிவிடுகிறது. அம்மாற்றத்தின் விளைவைச் சுமப்போரில் பெரும்பாலோர் அந்த லொறியின் உரிமையாளர் அல்லர் என்பதனாலேயே இது தனிப்பட்டவரின் விருப்பம் என்ற எல்லைக்குள் நிற்பதில்லை.

இராணுவ லொறி எவ்வளவும் தாங்கும் என்ற நம்பிக்கையை முதலில் ஆராய வேண்டும். இவ்வகை லொறிகளுக்குச் சுமை அளவு ஒன்றல்ல, இரண்டு. அமெரிக்க இராணுவத்தின் எம்-35 வகை லொறிக்குச் செப்பமான வீதியில் 10,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 4,500 கிலோகிராம் வரை அனுமதிக்கப்பட்டபோது, கரடுமுரடான தரையில் அதில் பாதியான 5,000 இறாத்தல் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. பலரும் பார்க்கத் தவறும் இந்த இரண்டாம் எண்ணே தோட்டப் பாதைக்கு உரியது. அந்த எண்ணும் புதிய வில்தகடுகளும் துருவேறாத சேஸியும் கொண்ட வாகனத்துக்குக் கணிக்கப்பட்டது என்பதால், பல பத்தாண்டுகள் உழைத்த லொறிக்கு அதையும் முழுமையாக நம்ப இயலாது. இறாக்கையின் எடை, அதைப் பிடித்திருக்கும் இரும்பின் எடை, அதில் ஏறும் பொருளின் எடை ஆகிய மூன்றும் இந்த அளவிலிருந்தே கழிக்கப்பட வேண்டியவை.

சேஸி எனப்படும் அடிச்சட்டம் இத்தகைய லொறிகளில் சற்றே முறுக்கிக்கொள்ளும் இயல்புடையதாக அமைக்கப்படுகிறது. ஒரு சில்லு பள்ளத்திலும் மற்றொன்று மேட்டிலும் இருக்கும்போது நான்கும் தரையைப் பற்றியிருப்பதற்கு இந்த நெகிழ்ச்சி உதவுகிறது. ஜேர்மனியின் யுனிமொக் வாகனத்தில் சாரதி அறையும் சரக்குப் பெட்டியும் தனித்தனியே அசையும்படி பொருத்தப்பட்டிருப்பதும் இதற்காகவே. ஆகவே சாரதி அறையின் கூரையையும் பின்பெட்டியையும் ஒரே இறுக்கமான சட்டத்தால் இணைத்து வெல்டிங் செய்துவிட்டால், லொறி ஒவ்வொரு முறை முறுக்கிக்கொள்ளும்போதும் அவ்விணைப்பு இழுபட்டு, காலப்போக்கில் வெல்டிங் விளிம்பிலோ கூரைத் தகட்டிலோ வெடிப்பு தோன்றுகிறது. அறைக்கு ஒன்றும் பெட்டிக்கு ஒன்றுமாகப் பிரித்து, நட்டும் போல்ட்டும் இட்டுப் பொருத்துவதே பாதுகாப்பான முறை. சேஸி நீள்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகள் வளைவிசையை அதிகமாகத் தாங்கும் பகுதிகள் என்பதால், தயாரிப்பாளரின் வழிகாட்டல் இன்றி அவற்றில் துளையிடுதலும் வெல்டிங் செய்தலும் அறவே கூடாது. சேஸி எண் பொறிக்கப்பட்ட இடம் மறைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வெண் அழிந்த வாகனம் திருட்டு வாகனமோ என்ற ஐயத்துக்கு ஆளாகும்.

உயரத்தில் ஏற்றும் சுமையின் விளைவை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு வாகனத்தின் முழு எடையும் ஒரே இடத்தில் திரண்டிருப்பதாகக் கருதத்தக்க புள்ளி ஈர்ப்பு மையம் எனப்படும். 5,000 கிலோகிராம் எடையுள்ள லொறியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், 2.8 மீற்றர் உயரமான கூரை இறாக்கையில் 500 கிலோகிராம் ஏற்றப்படுவதாகவும் கொண்டால், மையம் ஏறத்தாழ 1.35 மீற்றருக்கு உயர்கிறது. எடை பத்து வீதம் கூடியிருக்க, வளைவில் கவிழாமல் நிற்கும் ஆற்றலும் பத்து வீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்த வளைவிலும், தளர்ந்த வில்தகடுகள் ஒருபுறம் அமிழும்போதும் எஞ்சிய ஆற்றலிலும் ஒரு பகுதி போய்விடும். ஒரு பக்கத்தில் மட்டும் இறாக்கை பொருத்துவது மையத்தை அப்பக்கத்துக்கு இழுத்துவிடுவதால், அந்தப் பக்கமாகக் கவிழும் வாய்ப்பு மேலும் கூடுகிறது.

இறக்கத்தில் பிரேக் படும் பாடு இன்னும் கவலைக்குரியது. கூடுதலான அந்த 500 கிலோகிராம், ஒவ்வொரு 100 மீற்றர் உயரம் இறங்கும்போதும் ஏறத்தாழ 5 இலட்சம் யூல் ஆற்றலை வெளிவிடுகிறது. இது ஒன்றரை லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். லொறியின் சொந்த எடை தரும் வெப்பத்துக்கு மேலாக இதையும் பழைய பிரேக் உருளைகளே வாங்கிக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக்கில் உராய்வு குறைந்து, மிதித்தும் பிடிக்காத நிலை ஏற்படுகிறது. எனவே ஏறுவதற்குத் தேவைப்படும் அதே குறைந்த கியரில் இறங்குவது என்ற பழைய சாரதிகளின் வழக்கம், இறாக்கை பூட்டிய லொறிக்குக் கட்டாய விதியாக வேண்டும். மலைப்பாதை மிகைச்சுமையை மன்னிப்பதில்லை என்பதற்கு, 70க்கும் மேற்பட்டோரை ஏற்றிச்சென்ற பேருந்து 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமை அண்மைய துயரச் சான்று.

பக்க இறாக்கையால் வரும் ஆபத்து லொறிக்கு வெளியே உள்ளவர்களுக்கே உரியது. இலங்கையில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், இடப்பக்க இறாக்கை பாதையோரம் நடக்கும் பாடசாலைப் பிள்ளைகளையும் கொழுந்துக் கூடையுடன் செல்லும் தொழிலாளரையும் உரசும் தொலைவுக்கு வருகிறது. வலப்பக்க இறாக்கை எதிரே வரும் பேருந்தின் யன்னலோரத்துக்கு நேராக நிற்கிறது. வெளிநீட்டிய கூர்முனைகள் வளைக்கப்பட்டோ மூடப்பட்டோ இருக்க வேண்டும். விளக்கு, சமிக்ஞை, இலக்கத்தகடு ஆகியவை மறையக் கூடாது. 20 லீற்றர் எரிபொருள் கலனைப் பின்புற ஓரத்தில் தொங்கவிடுவது, பின்னிருந்து மோதும் சிறு விபத்தையும் தீ விபத்தாக்கக்கூடியது.

சட்டத்தின் நிலை இதுதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வாகனத்தின் வகையும் வெற்று எடையும் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுகின்றன; நீளம், அகலம், உயரம் ஆகியவற்றுக்கும் எல்லைகள் உண்டு. பதிவில் உள்ள விவரங்களை மாற்றும் எந்த அமைப்பு மாற்றத்துக்கும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை. ஆகவே இறாக்கைக்கு வரைபடமும் எடைக் குறிப்பும் தயாரித்து, மாவட்ட அலுவலகத்தில் வாகனப் பரிசோதகரிடம் முன்கூட்டியே விசாரிப்பதுதான் முறை. பூட்டிய பின்னர் அனுமதி கேட்பவருக்கு, தகுதிச் சான்றிதழ் பெறும் வேளையில் அதைக் கழற்றும்படி சொல்லப்படும் அபாயமும் வருமான அனுமதிப்பத்திரம் தாமதமாகும் தொல்லையும் காத்திருக்கின்றன. இராணுவத்திடமிருந்து ஏலத்தில் வாங்கியது என்று சொல்லப்படும் லொறியாயின், அதன் குடிசார் பதிவு முறையாக நடந்துள்ளதா என்பதை வாங்கும் முன்னரே திணைக்களத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்காத மாற்றம், விபத்தின்போது இழப்பீட்டைத் தட்டிக்கழிக்கக் காரணமாகலாம். அறிவித்த கடிதத்தின் பிரதியைப் பேணிவைப்பது அவசியம். இறாக்கையைப் பொருத்திய கராஜின் கவனக்குறைவால் வெல்டிங் முறிந்தால் உரிமையாளர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பணத்துக்காக வழங்கப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தருகிறது. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு நியாயம் கேட்பது மிகக் கடினம்.

இவை அனைத்திலும் பாரதூரமானது, சரக்கு லொறியில் ஆட்களை ஏற்றுவதும் இறாக்கையைப் பிடித்துக்கொண்டு அவர்களை நிற்கச் செய்வதும். பொருள் வைப்பதற்கான இறாக்கை மனித எடையின் திடீர் இழுப்புக்குக் கணிக்கப்பட்டதல்ல. வேலைத்தலத்துக்கு அத்தகைய லொறியில் செல்லுமாறு சொல்லப்படும் தொழிலாளர், தமது தொழிற்சங்கத்தினூடாகவும் தொழில் அலுவலகத்தினூடாகவும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிப்பது அவர்களது உரிமை. விபத்து நேர்ந்துவிட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கோரலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத்தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியதோடு, வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் உள்ளடக்குகிறது. லொறிக்குக் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்கீழ் கோருவது இதனின்றும் வேறான வழி. இரண்டுக்கும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் வைத்திய அறிக்கையும் தேவைப்படுவதால், காயம் சிறிதென்று எண்ணி முறைப்பாடு செய்யாமல் விடுவது பின்னர் பெரும் இழப்பாகும். வழக்குச் செலவுக்கு வழியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணைநிற்கிறது.

ஆபத்தான லொறி ஒன்று அனுமதியுடன்தான் ஓடுகிறதா என்பதை அறிய விரும்பும் குடிமகன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். விண்ணப்பத்தையோ பொலிஸ் முறைப்பாட்டையோ சிங்களத்தில் எழுதத் தெரியாது என்பதற்காகத் தெல்தோட்டையில் எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை அளித்துள்ளது. அது மறுக்கப்படுமாயின் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.