வேலிக்கு யார் பொறுப்பு? பாலக்காடு, இடுக்கி எல்லையில் விடை கிடைக்காத கேள்வி

புதுதில்லி: கேரள மாநிலம் பாலக்காட்டை அடுத்த முட்டிக்குளங்கரையில், ஆயுதக் காவல்படை முகாமுக்கு அருகிலுள்ள வயலில் 2022 மே மாதம் காவலர்கள் இருவரின் சடலங்கள் கிடந்தன. காட்டுப்பன்றியைப் பிடிக்கக் கட்டிய கம்பியில் வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சப்பட்டிருந்ததும், அதில் சிக்கியே இருவரும் இறந்ததும் விசாரணையில் தெரியவந்தது. அப்பகுதியில் வசிக்கும் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் பாலக்காடு அருகே கரிங்கரப்புள்ளியில் இளைஞர்கள் இருவர் இதேபோன்ற கம்பியில் உயிரிழந்தனர். பயந்துபோன நிலத்தின் உரிமையாளர் சடலங்களைத் தன் வயலிலேயே புதைத்துவிட்டார் என்பது போலீஸாரின் குற்றச்சாட்டு. அவரும் கைதானார்.

கம்பியில் மின்சாரம் பாய்ச்சியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கக் காவல்துறைக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வயல்களைப் பன்றியிடமிருந்து காக்க முறையான வேலி ஒன்றை யார் போட்டிருக்க வேண்டும், யார் செலவில் போட்டிருக்க வேண்டும் என்று சாவுக்கு முன்னர் கேட்டிருந்தால், வருவாய்த்துறையோ வனத்துறையோ ஊராட்சியோ தெளிவான பதில் சொல்லியிருக்க முடியாது. ஏனெனில் அப்படி ஒரு பதில் சட்டத்தில் இல்லை.

கல் உண்டு, வேலி இல்லை

1956 நவம்பர் 1 வரை பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கு நில எல்லைகளை நிர்ணயித்தது 1923ஆம் ஆண்டின் சென்னை நில அளவை, எல்லைகள் சட்டம். தமிழகத்தில் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. கேரளம் 1961இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. இரண்டும் ஒரு விஷயத்தில் கறாரானவை: அளவைக் கல்லைப் பராமரிக்க வேண்டியவர் பதிவு பெற்ற நில உடைமையாளர். கல்லைப் பிடுங்கினால் தண்டனை உண்டு. இரண்டு கற்களுக்கு நடுவே வேலி வேண்டுமா, அதன் செலவை இரு பக்கத்தாரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது பற்றி அச்சட்டங்களில் பேச்சில்லை.

அந்த வெற்றிடத்தை ஊர் வழக்கம் நிரப்பி வந்தது. கொங்குப் பக்கம் கிளுவை வேலி. மலையேறினால் சீமைக்கொன்றை, செம்பருத்தி. குச்சி நட்டால் வேலி. செலவு குறைவு என்பதால் சண்டையும் குறைவு. பாலக்காட்டு நெல் வயல்களிலோ பெரும்பாலும் வரப்பே எல்லை. அண்டை வீட்டாரின் மாடு பயிரை மேய்ந்தால் கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கவே இருக்கிறது. மாட்டைப் பட்டியில் அடைக்கலாம்; அபராதம் கட்டி மீட்க வேண்டியவர் மாட்டின் சொந்தக்காரர்.

காட்டுப்பன்றிக்கு அப்படிச் சொந்தக்காரர் யாரும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் வன விலங்கு மாநில அரசின் சொத்து. உயிரோடு வந்து மரவள்ளியைத் தோண்டும்போது அதே விலங்குக்காக அரசைப் பட்டிக்கு அழைக்க வழியில்லை.

அண்டை வயலுக்குப் போகும் பன்றி

இங்குதான் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு இடையிலான பழைய தகராறு புது வடிவம் எடுக்கிறது. ஒருவர் சோலார் மின்வேலி போட்டால் பன்றி பட்டினி கிடப்பதில்லை. வேலி இல்லாத அடுத்த வயலுக்குப் போகிறது. அவரும் போட்டால் அதற்கடுத்த வயல். கடைசியில் முழுச் சுமையும் வேலிக்குப் பணமில்லாத குத்தகைதாரர் தலையில் விடிகிறது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுத்துவிடும் ஆபத்தான குறுக்குவழி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

தரநிலைப்படி அமைந்த மின்வேலியில் மின் அழுத்தம் சில ஆயிரம் வோல்ட் இருந்தாலும், அது ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை, கண நேரத் துடிப்பாக மட்டுமே வரும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் விடாமல் பாயும். பார்வைக்கு இரண்டும் ஒரே கம்பிதான்; இருட்டில் வரப்பில் நடந்து வருபவருக்கு வித்தியாசம் தெரியாது.

அண்டை நிலத்துக்காரர்கள் வேலிச் செலவைப் பகிர வேண்டும் என்று சட்டம் செய்த நாடுகள் உண்டு. நியூசிலாந்தில் 1978ஆம் ஆண்டின் சட்டமும், ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் 1991ஆம் ஆண்டின் சட்டமும் அத்தகையவை. ஆனால் பக்கத்து நிலம் அரசின் பொதுப் பூங்காவாகவோ காப்பு நிலமாகவோ இருந்தால் நியூ சௌத் வேல்ஸில் அரசைப் பங்கு கேட்க முடியாது. தன்னைத் தவிர மற்ற எல்லா அண்டை வீட்டாருக்கும் சட்டம் செய்யும் பழக்கம் இந்திய அரசுகளுக்கு மட்டும் உரியதல்ல.

தமிழகம் வேறு வழியில் போனது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. குட்டிகள் இரண்டு அநாதைகளாயின. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் புதிய மின்வேலிக்கு முன் அனுமதியும் ஏற்கெனவே இருப்பதற்குப் பதிவும் கட்டாயம். வேலி போடுபவரின் கடமைகளை விதிகள் விரிவாகச் சொல்கின்றன. காட்டின் பக்கத்து உடைமையாளரான அரசின் பங்கு என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

போட்ட வேலிக்குப் பொறுப்பாளி யார் என்பதுகூட எளிதில் தீர்வதில்லை. 2022 செப்டம்பரில் தேனி மாவட்டம் பெரியகுளம் அருகே, அப்போதைய மக்களவை உறுப்பினர் ஒருவரின் தோட்ட வேலியில் சிறுத்தை ஒன்று இறந்து கிடந்தது. வனத்துறை முதலில் கைது செய்தது அங்கு கிடை போட்டிருந்த ஆடு மேய்ப்பவரை. உரிமையாளரை விட்டுவிட்டுக் கிடைக்காரரைப் பிடிப்பதா என்று கண்டனம் எழுந்தது.

இரு மாநிலங்களும் பக்கத்து வீட்டாரே

தேனிக்கு மேற்கே மலை மேல் இருப்பது இடுக்கி. மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போன கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அந்த எல்லையில் வேலியும் இல்லை. பல இடங்களில் கல்லும் இல்லை என்பது தமிழக விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. கேரளம் 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு நில அளவையைத் தொடங்கியபோது, எல்லைப் பகுதிகளை இரு மாநிலங்களும் சேர்ந்தே அளக்க வேண்டும் என்று தமிழகத்தில் குரல் எழுந்தது இதனால்தான்.

2023 ஏப்ரல் 29 அன்று இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகர வீதியில் நின்றது. அதில் காயமடைந்த ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றது. பன்றிக்காகக் கம்பியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சும் பாலக்காட்டு விவசாயி மீது சட்டம் பாயும். ஒரு மாநிலத்தின் யானை இன்னொரு மாநிலத்தின் தெருவுக்கு வரும்போது கடிதப் போக்குவரத்துதான் நடக்கும்.

தில்லியில் இந்த விவகாரம் பெரும்பாலும் விலங்கின் பெயரிலேயே பேசப்படுகிறது. காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்க வேண்டும் என்ற கேரளத்தின் கோரிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏற்கவில்லை. தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உள்ள அதிகாரமே போதும் என்பது அதன் நிலை. கேரளம் 2022 மே மாதத்தில் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. 2025 அக்டோபரில் மத்தியச் சட்டத்துக்கே திருத்த மசோதா ஒன்றை அதன் சட்டப்பேரவை நிறைவேற்றியது. எந்த விலங்கை, யார் உத்தரவில், எப்போது கொல்லலாம் என்பதே அதன் மையம்.

ஐந்து ஆண்டுகளில் இயற்கைக்கு மாறான காரணங்களால் இறந்த 528 யானைகளில் 392 மின்சாரம் தாக்கி இறந்தவை என்றும், அவற்றில் 49 தமிழகத்தில் இறந்தவை என்றும் 2024 ஜூலையில் மக்களவையில் அரசு தெரிவித்தது. வரப்பில் கால் வைத்து இறந்த மனிதர்கள் அந்தக் கணக்கில் இல்லை.