திருப்பூரில் பசுமைக்குடில் இஞ்சி லாபம் தருமா? பணம் போடும் முன் ஒரு கணக்கு!

2023 ஜூலையில் தக்காளியோடு போட்டி போட்டுக்கொண்டு இஞ்சியும் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? டீக்கடை, பிரியாணிக் கடை, மெஸ் என்று திரும்பிய பக்கமெல்லாம் இஞ்சி தேவைப்படும் திருப்பூரில் அந்த விலை எல்லோரையும் கடித்தது. அதைத் தொடர்ந்து வந்தவைதான் 'பசுமைக்குடிலில் இஞ்சி, ஏக்கருக்கு லட்சம் லட்சமாக லாபம்' ரக வீடியோக்கள்.

பனியன் கம்பெனி வேலையில் சேர்த்த பணம், ஊரில் சும்மா கிடக்கும் கால் ஏக்கர், வங்கியில் வைக்க வீட்டு நகை... இவை மூன்றும் உள்ள குடும்பங்களைத்தான் இந்த வீடியோக்கள் குறிவைக்கின்றன. ஈமு கோழியில் பணத்தைப் போட்டு 2012-ல் கொங்கு மண்டலம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அதனால் ஆசைக்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

இஞ்சிக்கு என்ன பிடிக்கும்?

இஞ்சி மலையடிவார மழையில் வளர்ந்து பழகிய பயிர். மிதமான வெப்பமும், ஈரப்பதமும், லேசான நிழலும் கேட்கும். நம் பக்கத்துக்கு வரும் இஞ்சி பெரும்பாலும் தாளவாடி, வயநாடு, கர்நாடகாவின் மைசூரு பகுதிகளில் விளைவதுதான்.

திருப்பூரிலோ கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். முழுக்க பாலித்தீன் போர்த்திய குடிலுக்குள் சூடு இன்னும் ஏறும். எனவே இங்கே பொருத்தமானது 50 சதவிகித நிழல்வலைக்குடில். அந்த நிழல்வலையும் இயந்திரத்தில் பின்னப்படும் ஒரு பின்னல் துணிதான் என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

குடில் எதற்கு?

இஞ்சியின் பெரிய எதிரி வெயிலைவிட நோய்தான். பித்தியம் என்ற பூஞ்சைவகைக் கிருமியால் வரும் கிழங்கு அழுகலும், பாக்டீரியா வாடலும் சில வாரங்களில் வயலையே காலி செய்துவிடும். இவை விதைக்கிழங்கு, மண், தண்ணீர் வழியாகப் பரவும். ஒருமுறை இஞ்சி போட்ட நிலத்தில் சில வருடங்களுக்கு மீண்டும் போடாமல் தவிர்ப்பதும், வயநாட்டு விவசாயிகள் கர்நாடகாவில் புதுப்புது நிலங்களைக் குத்தகைக்கு எடுப்பதும் இதனால்தான்.

இதே வாடல் நோயால் அடிபட்ட ஹவாய் தீவுகளில், பசுமைக்குடிலுக்குள் பைகளில் நோயற்ற இஞ்சி வளர்க்கும் முறையை ஹவாய் பல்கலைக்கழகம் 2004-ல் வெளியிட்டது. ஒவ்வொரு பையும் தனித்தனி என்பதால், ஒன்றில் நோய் வந்தால் அதை மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம். பைக்குத் தேவையான தென்னை நார்க்கழிவு நமக்குக் காங்கேயம், உடுமலை பக்கமே கிடைக்கும். உப்பு போகக் கழுவி, மட்க வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இப்போது கணக்கு!

கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் 'வரதா' ரகம் வயலில் ஹெக்டேருக்குச் சராசரியாக 22.6 டன் தரும். 25 சென்ட், அதாவது சுமார் 1,000 சதுர மீட்டருக்கு இது ஏறத்தாழ 2,250 கிலோ.

கிலோ 30 ரூபாய்க்கு விற்றால் 67,500 ரூபாய். 60 ரூபாய் என்றால் 1,35,000. 100 ரூபாயே கிடைத்தாலும் 2,25,000 ரூபாய்தான். விதை, கூலி, பை, சொட்டுநீர் எல்லாம் இதில்தான் கழிய வேண்டும். 8 முதல் 9 மாதப் பயிர் என்பதால் வருடத்துக்கு ஒரு அறுவடைதான்.

செலவுப் பக்கம்? மத்திய அரசின் தோட்டக்கலை இயக்கம் 2014-ல் வகுத்த மதிப்பீட்டில், குழாய் வைத்து அமைக்கும் நிழல்வலைக்குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 710 ரூபாய். அதாவது 1,000 சதுர மீட்டருக்கு 7,10,000. பாதி மானியம் போனாலும் கையிலிருந்து 3,55,000 ரூபாய். இந்த மதிப்பீடு பிறகு திருத்தப்பட்டுவிட்டதால், இன்றைய மானியத் தொகையை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் விளைச்சல் கூடலாம். அப்படியே இரட்டிப்பானாலும், விலை 30 ரூபாய்க்கு இறங்கும் வருடத்தில் மொத்த வரவே 1,35,000 ரூபாய்தான். விலை எப்போதும் 2023 போலவே இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்கினால் சிக்கல்தான். முற்றிய இஞ்சியைக் கிலோ கணக்கில் விற்பதற்குக் குடில் போடுவது கட்டுப்படியாகாது.

அப்படியானால் எதற்குக் கட்டுப்படியாகும்?

*நாற்று:* வழக்கமாக ஏக்கருக்கு 600 கிலோவுக்கு மேல் விதைக்கிழங்கு தேவை. ஒரு முளை மட்டும் உள்ள 5 கிராம் துண்டுகளைக் குழித்தட்டில் வைத்து, 30 முதல் 40 நாளில் நாற்றாக நடும் முறையைக் கோழிக்கோடு நிலையம் உருவாக்கியிருக்கிறது. இதில் 200 முதல் 300 கிலோ விதையே போதும். தக்காளி, மிளகாய் நாற்று விடும் நிழல்வலைக் குடில்கள் உடுமலை வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் புதுக் குடில் போடாமலே இஞ்சி நாற்றையும் முயன்று பார்க்கலாம்.

*இளம் இஞ்சி:* ஜப்பானின் வக்கயாமா, கோச்சி பகுதிகளில் குடிலில் விளையும் நார் குறைந்த இளம் இஞ்சிக்குத் தனிச் சந்தையே உண்டு. நமக்கும் தொக்கு, ஊறுகாய், முரப்பா என்று தேவை இருக்கிறது. ஆறாவது மாதமே எடுத்துவிடலாம். உழவர் சந்தையில் நேரடியாக விற்றால் இடைத்தரகு மிச்சம். பொங்கலுக்கு இலையோடு கொத்தாக விற்பது இன்னொரு வழி.

*தென்னந்தோப்பு:* உடுமலை, மடத்துக்குளம் பக்கம் வளர்ந்த தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நிழல் இலவசம். ஊடுபயிராக இஞ்சி போட்டால் குடில் செலவே கிடையாது.

தண்ணீரைச் சோதித்தீர்களா?

திருப்பூருக்கே உரிய கேள்வி இது. சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போனது. ஆற்றோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு இன்னும் இறங்கவில்லை. இஞ்சி உப்பைத் தாங்காது.

மழையை மறைக்கும் பாலித்தீன் கூரையாக இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. 1,000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 6 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் விழும். தொட்டி கட்டிச் சேமித்தால் சொட்டுநீருக்கு ஆகும். ஆனால், வெப்பத்தைச் சமாளிக்கப் பக்கவாட்டுக் காற்றோட்டமும் மேலே நிழல்வலையும் வேண்டும். செலவு இன்னும் ஏறும்.

கையெழுத்துப் போடும் முன்...

* கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.
* 'விதையும் நாங்களே தருகிறோம், விளைச்சலையும் நாங்களே வாங்குகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று யார் சொன்னாலும், ஈமுவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.
* வாங்கப்போகும் கடை எது, என்ன விலை என்பதை நடுவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.
* முதல் வருடம் 50 பை போதும். வீட்டுத் தென்னை நிழலில் வைத்து ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பாருங்கள். அது பிழைத்தால் குடிலைப் பற்றி யோசிக்கலாம். பிழைக்காவிட்டால், போனது சில ஆயிரம்தான். வீட்டு நகை பத்திரமாக இருக்கும்!