பழைய இரும்பு – 6: பல்லேகமவுக்கு எது பொருந்தும்?

சென்ற வாரம் தம்புள்ளைப் பக்கத்துப் பழைய டிரக்டர்களைப் பார்த்தோம். இந்த வாரம் நக்கிள்ஸ் மலையின் மறுபக்கம். மாத்தளையிலிருந்து றத்தோட்டை ஏறி, ரிவஸ்டனைக் கடந்து, இலுக்கும்புர வழியாக இறங்கினால் பல்லேகம. பழைய பல்லேகம இப்போது களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 2018இல் அணையில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். கடைத்தெரு, பாடசாலை, பிரதேச செயலகம் எல்லாம் மேட்டிலே புதிதாகக் கட்டிய நகரத்துக்குப் போய்விட்டன.

வீடு பெயர்கிறவன் முதலில் கைகழுவுவது கனத்த இரும்பைத்தான். ஓடாத எஞ்சின், துருப்பிடித்த கலப்பை, பயன்படாத சூடடிக்கும் இயந்திரம் எதையும் யாரும் லொறிக்கூலி கொடுத்துப் புது வீட்டுக்கு ஏற்றுவதில்லை. ஆகவே இந்தப் பக்கம் பழைய இரும்பு தேடுகிறவர் வீட்டு முற்றங்களை மட்டும் பார்த்தால் போதாது, மாத்தளையிலும் நாவுலவிலும் உள்ள பழைய இரும்புக் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

வாங்குவதற்கு முன் வயலைப் பாருங்கள். பல்லேகமவைச் சுற்றியுள்ள லக்கல மலைக் கிராமங்களில் வயல் என்பது படிப்படியாக இறங்கும் சின்னச் சின்னப் பாத்திகள். வரம்புக்கு வரம்பு ஆள் உயரம் இறங்கும் இடமும் உண்டு. அறுவடை இயந்திரம் அங்கே திரும்ப முடியாது. வில்கமுவப் பக்கத்துச் சமவெளியில் அறுவடை இயந்திரம் வந்த பிறகு மூலையில் ஒதுங்கிய சின்னச் சூடடிக்கும் இயந்திரம், மலைக்கு மேலே இன்னும் வேலை செய்யும். கீழே இரும்பு விலைக்குக் கிடைப்பதை மேலே உழைப்புக்கு வாங்கலாம். இந்தப் பக்கம் பழைய சாமான் வாங்குவதில் உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மலை வயலுக்கு ஏற்றது இருசில்லு உழவு இயந்திரம். எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் பழைய ஆட்கள் அதை லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். அசல் லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் ஒரு இலங்கையர் இருக்கிறார்: ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1950களில் அவர் வடிவமைத்த இருசில்லு இயந்திரத்தை இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கத்துக் கம்பனி ஒன்று தயாரித்து, வெப்பமண்டல நாடுகளின் சிறு விவசாயிகளுக்கு விற்றது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவரும் இதே மனிதர்தான். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அவரே உழவுக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். எருமையின் இடத்தில் எஞ்சினை வைத்தோமே தவிர விவசாயத்தை மாற்றினோமா என்ற கேள்வி அவரை விடவில்லை. நைஜீரியாவின் இபதானில் உழாமல் பயிரிடும் முறைகளை ஆராய்ந்தார். இலங்கைக்குத் திரும்பிய பின் கிளிரிசிடியா வேலி வரிசைகளால் சரிவு நிலத்து மண்ணைக் காப்பது பற்றிச் சொல்லிவந்தார். 2010இல் மறைந்தார். நக்கிள்ஸ் சரிவில் மண் அரிப்பைக் கண்டவர்களுக்கு அவருடைய மனமாற்றம் விளங்கும். எருமைக்குச் சாதகமாக நானும் ஒன்று சொல்வேன்: அது கன்று போடும், டிரக்டர் போடாது.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள். இருசில்லு இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது சங்கிலிப் பெட்டி. அதன் அடியில் எண்ணெய் கசிந்தால், அந்த வழியாகவே வயல் சேறும் உள்ளே போயிருக்கும். சில்லைப் பிடித்து ஆட்டுங்கள். அச்சில் ஆட்டம் தெரிந்தால் பெயரிங் போய்விட்டது. இரண்டு பக்கத்துத் திருப்பும் கிளச்சையும் ஓடவிட்டுச் சோதியுங்கள். ஒரு பக்கம் பிடிக்காத இயந்திரம் படிவயலின் வரம்போரத்தில் ஆளையும் இழுத்துக்கொண்டு விழும்.

கீழே, நீர்ப்பாசன நிலத்தில், நாலு சில்லு வேண்டுமென்றால் பழைய பெயர் மெசி பேர்குசன். 35ஆம் மாடல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்யப்பட்டது. போனட்டைத் திறந்து சிலிண்டரை எண்ணுங்கள். தொடக்ககால டீசல் 35களில் ஸ்டாண்டர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர் எஞ்சின். 1959க்குப் பிறகு பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர். நாலு சிலிண்டர் வண்டி பார்வைக்கு அபூர்வம், சாமானுக்கும் அபூர்வம். சேகரிப்பவர் வாங்கட்டும், உழுகிறவர் மூன்றை வாங்கட்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெர்கின்ஸ் 3.152 என்பதில் உள்ள 152, எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். அதற்கு முந்திய 3.144இன் சிலிண்டர் விட்டம் மூன்றரை அங்குலம், 152இன் விட்டம் 3.6 அங்குலம். வெளியே இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள் போலிருக்கும், ஆனால் ஒன்றின் பிஸ்டன் மற்றதில் சேராது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் 'மெசி பிஸ்டன்' என்று மட்டும் கேட்டால் தவறானதோடுதான் திரும்பி வருவீர்கள்.

வயலில் வேலை செய்த டிரக்டருக்கு எஞ்சினைவிடப் பின்பக்கம்தான் அதிகம் கெடும். இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் மிதித்தவைக்கு அச்சு முனைகளில் சீல் தேய்ந்து, பிரேக் டிரம்முக்குள் சேற்று நீர் போயிருக்கும். கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கலப்பை தரையைத் தொட்டால் ஹைட்ரோலிக்குக்குச் செலவு இருக்கிறது. போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாமல் விலை பேச வேண்டாம். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் பால்போலிருந்தால் உள்ளே தண்ணீர்.

அடுத்தது காகிதம். இலக்கத் தகடே பாதிக் கதை சொல்லும். சீ.எல், ஈ.எல் போன்ற ஆங்கில எழுத்துகள் 1950களோடு முடிந்தன. அதன் பின் வந்தது சிங்கள ஸ்ரீ. அதை எதிர்த்துத் தமிழர் தார் பூசிய கதை எல்லோருக்கும் தெரியும். மாகாண எழுத்து வந்தது 2000இல். மெசி 135 உற்பத்தியானதே 1964இலிருந்துதான். அது ஈ.எல் இலக்கத்தோடு நின்றால் பதிவுப் புத்தகம் வேறு வண்டியுடையது. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் துணியால் துடைத்து நீங்களே வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். "புக் கொழும்புல இருக்கு அண்ணே, அடுத்த கிழமை தர்றேன்" என்று சொன்னால், பணத்தையும் அடுத்த கிழமையே கொடுங்கள். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் நாலைந்து கை மாறிய வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

2020இல் வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறியது. பெரும்போகம் தொடங்கும் முன், புரட்டாசியில், வாங்கப் போகாதீர்கள். அப்போது எல்லோருக்கும் இயந்திரம் வேண்டும். அறுவடை முடிந்து சித்திரைப் புத்தாண்டுக்கு முன் போனால் விற்கிறவருக்குக் காசு தேவைப்படும், இயந்திரமும் போகம் முழுவதும் உழைத்து அதன் குறையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசியாக ஒன்று. எஞ்சின் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவரை நீங்களே கூட்டிப் போங்கள், அவருடைய நாள் கூலியை நீங்களே கொடுங்கள். விற்கிறவர் வரவழைக்கும் பாஸுக்குக் கூலி கொடுப்பவரும் விற்கிறவர்தான்.